தடுக்கக் கூடாத வில்லை

கோர்வன் ஊரில் இரண்டு வேலைகளுக்கு ஆள் கிடைக்காது. ஒன்று, செப்டிக் டேங்க் லாரி ஓட்டுவது. இன்னொன்று, ஐஸ் ஹாக்கியில் வலைக்கு முன்னால் கோல்கீப்பராக நிற்பது. இரண்டையும் முப்பது குளிர்காலமாகச் செய்துவந்தவர் லோர்ன் ஹாலுக். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது. வேறு எவனாவது இருந்திருந்தால் என்றைக்கோ கழற்றி விட்டிருப்பார்கள்.

மனுஷனுக்கு வாய் அப்படி. ஜனவரிக் குளிரில் குழாய் உறைந்து, கழிவறைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பார்கள். லோர்ன் லாரியை விட்டு இறங்கி முதலில் கேட்கிற கேள்வி, "என்னத்தத் தின்னு தொலைக்கிறீங்க இந்த வீட்ல?" பாதிரியார் வீடு என்றாலும் அதே கேள்விதான். பள்ளித் தலைமையாசிரியை ஒருமுறை அழுதே விட்டார்.

ஐஸில் இறங்கினால் இன்னும் மோசம். எதிரணிக்காரன் கோல் போட்டால்கூட அவனை விட்டுவிடுவார். தன் அணிக்காரர்களைத்தான் கிழிப்பார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? உன் பாட்டன் சவப்பெட்டியோட வந்தா இதைவிட வேகமா வந்திருப்பான்டா!" என்று அரங்கமே கேட்கக் கத்துவார். மட்டையால் சொந்த ஆளின் கணுக்காலிலேயே ஒரு போடு போடுவார். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குப் போனால் அவர் பெஞ்சில் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எதிர் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி வந்தால் எங்கள் ஊர் அரங்கில் ஒரு போட்டி நடக்கும். நோயில் விழுந்த ஆட்டக்காரர் ஒருவருக்காகச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் அணி கட்டிக்கொண்டு வந்து ஆடும். ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள், சரி. சஸ்கட்டூன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவர பெட்ரோல் யார் போடுவது? வேலைக்குப் போகாத மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அதற்குத்தான் இந்தப் போட்டி. பெண்கள் பெரோகிக் கொழுக்கட்டை அவித்து வெங்காயம் வதக்கி விற்பார்கள். பாதி மாட்டுக்கறியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு போடுவார்கள். ஊரே வந்துவிடும்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்து நோயாளி உடுப்பு மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கி, நடுக்கோட்டிலிருந்து தனியாக வருவார். கறுப்பு ரப்பர் வில்லையை மட்டையால் தள்ளிக்கொண்டு வந்து வலைக்கு அடிப்பார். கோல்கீப்பர் அதைத் தடுக்கக் கூடாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. சர்ச்சுக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றுவது மாதிரி, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சில கோல்கீப்பர்கள் நெஞ்சில் குண்டு பாய்ந்தவன் மாதிரி நடித்து விழுவார்கள். வில்லை உள்ளே போனதும் எல்லோரும் மட்டையால் பலகையைத் தட்டுவார்கள், பாதிப் பேர் அழுவார்கள். லோர்ன்கூட வருஷாவருஷம் முணுமுணுத்துக்கொண்டே விழுவார். ஆனால் விழுந்துவிடுவார்.

கிளெம் டெஜார்லே அடிக்க வந்த வருஷம் மட்டும்தான் அவர் விழவில்லை.

கிளெம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரைப் பிடிக்காத ஆள் ஊரில் கிடையாது. லோர்ன் கத்தினால் பதிலுக்குக் கத்திவிட்டுச் சிரிக்கிற ஒரே ஆளும் அவர்தான். "யோவ் லோர்ன், உன் லாரிக்குள்ள இருக்கிறது உன் வாயைவிடச் சுத்தம்யா" என்பார். லோர்னுக்கு உள்ளுக்குள் அவரை ரொம்பப் பிடிக்கும். அப்படிப்பட்ட கிளெமுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஐஸில் இறங்கியபோது தலைக்கவசம் தலையில் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார்.

மெதுவாக வந்தார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். லோர்ன் இடது பக்கத்தை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் விட வேண்டியது, வலது பக்கமாகச் சரிய வேண்டியது, அவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கிளெம் அடித்தார். வில்லை தவழ்ந்துகொண்டுதான் வந்தது.

லோர்னின் இடது கால் போயிற்று. அவர் போகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் வலைக்கு முன்னால் நின்ற காலுக்கு நோயும் தெரியவில்லை, ஊர் வழக்கமும் தெரியவில்லை. வில்லை வந்தது, கால் நீண்டது. கால் கவசத்தில் மோதிய சத்தம் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஐயோ, தெரியாம பட்டுடுச்சு, இன்னொரு தடவை அடி" என்று சொல்லியிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் லோர்னுக்குப் பதறிப்போனால் திட்டத்தான் வரும். அன்றைக்குப் பதறியது மாதிரி அவர் வாழ்க்கையில் பதறியதில்லை. வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அடிக்கிறதுன்னா ஒழுங்கா அடிய்யா!"

கிளெம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். மேல் வரிசையிலிருந்து ஒரு காப்பிக் கோப்பை பறந்து வந்து ஐஸில் விழுந்து சிதறியது. எறிந்தது கிளெமின் மகள் ஏவ்ரி. பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "நாசமா போவ!" என்று அவள் கத்தியது இன்றைக்கும் பல பேருக்கு ஞாபகம் இருக்கிறது.

பனி உருகுவதற்குள் கிளெம் இறந்துவிட்டார். லோர்ன் கோட்டு போட்டுக்கொண்டு அடக்கத்துக்குப் போனார். சர்ச் வாசலில் மூன்று பேர் குறுக்கே நின்றார்கள். நகரவில்லை. அவர் லாரிக்குத் திரும்பி வந்து, எல்லோரும் கலைந்து போகும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலைதான் மனைவி ஆர்லீனிடம் சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம்.

"நான் விடத்தான் நெனச்சேன். கால் தானா போச்சு."

ஆர்லீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கால்தானே?" என்றாள்.

பெண்டாட்டியே நம்பவில்லை, இனி எவன் நம்புவான்? அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கிளறினால், "ஹாக்கின்னா ஹாக்கிதான். புடிக்கலைன்னா வீட்ல உக்காந்து சீட்டு ஆடு" என்று எரிந்து விழுவார். ஊரும் விடவில்லை. டேங்க் நிரம்பினால் வேறு வழியில்லாமல் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் வருகிற நேரம் பார்த்து நாயை அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அந்த ஒற்றை அடிக்கு அவரை நிற்க விடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கோல்கீப்பரை இரவல் வாங்கினார்கள்.

அந்த இரவலும் ரொம்ப நாள் தேவைப்படவில்லை. வேகமாக ஓடிக் கோல் போடுகிற பெண்ணாக இருந்த ஏவ்ரி, அப்பாவைப் புதைத்த அதே வருஷம் கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் போய் நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பகலில் வெல்டிங் பட்டறை, சாயங்காலம் ஐஸ். இரண்டு குளிர்காலத்தில் லோர்னை ஓரங்கட்டிவிட்டாள். அணி அவரை பெஞ்சில் உட்கார வைத்தது. அவரும் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே எல்லோரையும் திட்டினார்.

இப்படி ஏழு வருஷம் ஓடியபின் லோர்னுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

வாரத்தில் மூன்று நாள் சஸ்கட்டூன் போய் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். லாரி முற்றத்தில் பனி மூடிக் கிடந்தது. ஆர்லீன்தான் காரை ஓட்டினாள், அவளும் வேலையை விட்டாள். போட்டிக் கமிட்டி கூடியது. அரங்க மேலாளர் மெல் ஃப்ரீசன் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னார். "அந்தாளுக்கா?" என்றது ஒரு குரல். ஆனால் இந்த ஊருக்காக ஆடியவன் எவனாக இருந்தாலும் செய்ய வேண்டும். அந்த வழக்கத்தை அவருக்காக மட்டும் உடைத்தால் ஊருக்குத்தான் அசிங்கம். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்கள். சுவரொட்டிக்கு, இருந்ததிலேயே கேவலமான அவர் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள்.

சேதி சொல்ல வந்த மெல்லை லோர்ன் வாசலிலேயே நிறுத்தினார். "உங்க பிச்சை எனக்கு வேணாம். போய் உங்க டேங்க்ல ஊத்துங்க."

உள்ளேயிருந்து ஆர்லீன் கத்தினாள். "உனக்கு வேணாம்னா சும்மா கெட! மெல், நான் வாங்கிக்கிறேன். அந்தாளு வாயைக் காதுல போட்டுக்காதீங்க."

போட்டி நடந்தது. குலுக்கல் சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் மறக்காமல், "ஆர்லீனுக்காகத்தான் வாங்குறேன், தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வாங்கினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் கூட்டம் தாங்கவில்லை. அவ்வளவு கூட்டம் கிளெமுக்குக்கூட வரவில்லை. பரிதாபப்பட்டு வந்த கூட்டமா அது? லோர்ன் அடிக்கப் போகிறார், ஏவ்ரி நிற்கப் போகிறாள். அதைப் பார்க்க வந்த கூட்டம்.

ஞாயிறு மதியம் லோர்ன் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு நடைவழியில் நின்றார். ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது. ஏவ்ரி முகக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரே வந்தாள். ஏழு வருஷத்தில் அவருடன் அவள் பேசிய முதல் பேச்சு இது.

"என்னய்யா, கால் நடுங்குதா?"

"உனக்கென்ன அதைப் பத்தி? ஒழுங்கா நின்னு தடு."

"தடுக்க மாட்டேன்." நிதானமாகச் சொன்னாள். "ஊரே நான் தடுப்பேன்னு நெனச்சுட்டு வந்திருக்கு. நான் விடப்போறேன். வாசலை அகலமாத் திறந்து வச்சு, ராஜா மாதிரி உன்னை உள்ள அனுப்பப்போறேன். எங்கப்பாவுக்கு நீ குடுக்காததை நான் உனக்குப் பிச்சை போடுறேன். வாங்கிட்டுப் போ. ஒவ்வொரு தடவை அந்த மெஷின்ல படுக்கும்போதும் நெனச்சுக்கோ."

லோர்னுக்கு முகம் செத்துப்போயிற்று. அடி, உதை, வசவு எதையும் தாங்குவார். இதைத் தாங்கவே முடியாது. ஒரு தடவை உள்ளே விட்டுவிட்டாள் என்றால் அவள் கிளெமின் பெருந்தன்மையான மகள், இவர் கிளெமைத் தடுத்த கயவன், அது அப்படியே கல்லில் அடித்த மாதிரி நின்றுவிடும். சாகும்வரை ஊரில் தலைநிமிர வழியில்லை.

"ஏய் பொண்ணே, இங்க பாரு. உனக்கு என்மேல ஆத்திரம். நியாயம்தான். தடுத்துத் தொலை. உன் கையைப் புடிச்சுக் கேக்குறேன், தடு."

"கெஞ்சுறியா? நல்லா இருக்கே." அவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோல்கீப்பராகவே காலம் கழித்தவருக்கு மற்ற ஆட்டக்காரர்களின் மட்டையைப் பிடிக்கவே வரவில்லை. நடுக்கோட்டில் நின்றார். மெல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். எங்கிருந்தோ ஒருவன், "ஒழுங்கா அடிய்யா!" என்று குரல் கொடுத்தான். அரங்கம் கொல்லென்று சிரித்தது.

வேண்டுமென்றே வெளியே அடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்கும் மனசு வரவில்லை. கிளெம் அந்த நிலைமையிலும் நேராகத்தான் அடித்தார். லோர்ன் வில்லையைத் தள்ளிக்கொண்டு போனார். மூச்சு இரைத்தது. ஏவ்ரி சொன்னதைச் செய்துவிட்டாள்: ஓர் ஓரமாக ஒதுங்கி, இடது பக்கத்தை முழுக்கத் திறந்து, மட்டையைக்கூடத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "ஐயய்யோ, விடப்போறாடா!" என்றான் ஒருவன் ஏமாற்றத்தோடு. லோர்னுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அந்தத் திறந்த பக்கத்துக்கே அடித்தார். இருந்த பலம் கொஞ்சம்தான். வில்லை சோம்பலாகப் போயிற்று.

ஏவ்ரியின் இடது கால் நீண்டது. டொம் என்று சத்தம் கேட்டது.

ஊர் எழுந்து நின்றது. காலால் தரையை உதைத்தார்கள், விசிலடித்தார்கள், மட்டைகள் பலகையை உடைத்துவிடும்போல் அடித்தன. ஏழு வருஷமாக அடக்கிவைத்திருந்த வயிற்றெரிச்சல் மொத்தமும் அன்றைக்குக் கொட்டியது. "ஏவ்ரி! ஏவ்ரி!" என்று கூரை அதிர்ந்தது.

அவள் முகக்கவசத்தை மேலே தள்ளினாள். லோர்ன் அவள் முகத்தைப் பார்த்தார். ஜெயித்தவள் முகமா அது? வாய் பிளந்திருந்தது. தன் காலையே வெறித்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல். அந்த அரங்கத்தில் அந்த முகத்துக்கு அர்த்தம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

பக்கத்தில் போனார். சண்டை என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது.

"நான் விடத்தான்..." என்றாள். "சத்தியமா விடத்தான் நின்னேன். கால் தானா..." பாதியில் நிறுத்தினாள். மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அன்னிக்கு உனக்கும் இப்படித்தானா?"

"ம்."

"அடப்பாவி. ஏன்யா சொல்லல?"

"நீ இப்பப் போய்ச் சொல்லு பாப்போம்."

அதற்குள் மெல் ஒலிவாங்கியோடு சறுக்காத குறையாக ஐஸில் ஓடி வந்துவிட்டார். பல்லெல்லாம் தெரிந்தது. "ஏவ்ரி டெஜார்லே! என்னம்மா சொல்ற? ஊருக்கு ஒரு வார்த்தை!" என்று அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் வேணும்னு தடுக்கல," என்றாள். "விடணும்னுதான் நின்னேன். என் கால் தானா போயிடுச்சு."

வெடித்தது பாருங்கள் சிரிப்பு! லோர்னை அவள் இப்படிக் கிண்டலடிப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்து சிரித்தார்கள். மெல்லுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கால் தானா போச்சாம்லே!" என்று வரிசை வரிசையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஏவ்ரி, "இல்ல, நெஜமாத்தான், கேளுங்க!" என்று கத்தினாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் ஒலிவாங்கியை மெல்லின் நெஞ்சில் திணித்துவிட்டுத் திரும்பினாள்.

கன்னம் நனைந்திருந்தது. குனிந்து வில்லையை எடுத்து லோர்னின் கையுறைக்குள் அழுத்தினாள்.

"இந்தா. இப்பவும் உன்னை எனக்குப் புடிக்கல."

"எனக்கு மட்டும் புடிச்சிருக்கா?" என்றார் லோர்ன். "மட்டையைத் தூக்கிட்டு நிக்கிறது ஒரு நிப்பா? த்தூ."

கதவருகே ஆர்லீன் நின்றிருந்தாள். கூட்டத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். லோர்ன் தட்டுத்தடுமாறி வெளியே வந்து பெஞ்சில் சாய்ந்தார். அவள் எதிரே மண்டியிட்டு ஸ்கேட் காலணியின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கால்யா அது?"

லோர்ன் இடது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். ஆர்லீன் அதன்மேல் உள்ளங்கையால் பளாரென்று ஒன்று போட்டாள். "சனியன் புடிச்ச காலு," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.